யார்கூட வந்தே?

என் தம்பி மகள் மோட்டார்களுக்கு நடுவில் வளர்ந்தவள். கணபதியில் அவர்கள் வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் அங்கே வரும். பழைய காயிலைப் பிரித்தெடுத்துப் புதுக் காயில் கட்டித் தருவார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது என் தம்பியின் பெயர். காயில் சுற்றுவது பெரும்பாலும் அவன் மனைவி. எத்தனை சுற்று, எந்தக் கனத்துக் கம்பி என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும். கோவையின் பம்புசெட்டைப் பெருமை பேசாத மேடையில்லை. அந்த விரல்களைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் போன வருடம் ஒரு கல்லூரியில் நடந்த ஸ்லாட் கார் பந்தயத்துக்குப் போக ஆசைப்பட்டாள். துணைக்கு நான் போனேன்.

ஸ்லாட் கார் என்பது உள்ளங்கை அளவுக் கார். பலகைத் தடத்தில் நீளமாக ஒரு பள்ளக்கோடு ஓடும். காரின் அடியில் இருக்கும் சிறு துடுப்பு அந்தக் கோட்டுக்குள் இறங்கி நிற்கும். கோட்டின் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் ஏறும். கையில் ஒரு விசை. அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். வளைவில் விசையை விடாமல் போனால் கார் கோட்டைவிட்டுத் துள்ளி வெளியே விழும். 1957இல் இங்கிலாந்தில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து உலகம் சுற்றிய விளையாட்டு இது. உள்ளே இருப்பதும் காயில் சுற்றிய மோட்டார்தான். அதனால்தான் அவளுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை.

பதிவு மேசையில் இருந்த பையன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "யார்கூட வந்தீங்க?" அண்ணனா, சிநேகிதனா, யார் போட்டியாளர் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "நான்தானுங்க ஓட்டறேன்" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பழகியவர்கள் சொந்தக் காரும் விசையும் கொண்டுவந்திருந்தார்கள். டயரில் ஒட்டும் தூசியை டேப்பில் உருட்டி எடுக்க வேண்டும், அடியிலுள்ள செம்புப் பின்னலைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இவளுக்கு யாரும் சொல்லவில்லை. பயிற்சி நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். இரவல் காரில் நேராகப் போட்டியில் இறங்கினாள். முதல் வளைவிலேயே கார் பறந்தது. "லேடீஸ் டிரைவர்!" என்றது மைக். கூடம் சிரித்தது.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. தடம்விட்டு விழும் காரை எடுத்து வைக்க ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் நிற்பார். மார்ஷல் என்பார்கள். ஒரு சுற்றில் ஓட்டியவர் அடுத்த சுற்றில் மார்ஷலாக நிற்க வேண்டும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரனும் அடுத்தவன் காரைக் குனிந்து எடுத்து வைத்தாக வேண்டும். அதேபோல எல்லாரும் எல்லாக் கோடுகளிலும் மாறி மாறி ஓட்ட வேண்டும்; எளிய கோடு யாருக்கும் சொந்தமில்லை. நம் வீட்டுச் சமையலறைக்கு இப்படி ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும்!

ஆனால் அன்று விதி அவளிடம் மட்டும் நின்றுவிட்டது. முதல் சுற்றிலேயே தோற்றவளை, "நீ இங்கேயே நில்லும்மா, நல்லா எடுத்து வைக்கறே" என்று வளைவில் நிறுத்தினார்கள். மாலைவரை நின்றாள். எத்தனை கார்களை எடுத்து வைத்திருப்பாளோ!

வரும் வழியில் பஸ்ஸில் சொன்னாள்: "அத்தை, அந்த மோட்டார் எல்லாத்தையும் நான் பிரிச்சு மாட்டிருவேனுங்க. ஆனா இனி வரலீங்க."

இது மோட்டார் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தடம் கரிவரதன் பெயரில் இருக்கிறது. 1995இல் விமான விபத்தில் இறந்த அவர், மாருதி இன்ஜின் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாதவரும் பந்தயத்தில் இறங்க அது வழி செய்தது. புதியவர்களை வரவேற்பது என்றால் முதலில் செலவைக் குறைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் செலவு ஒரு கதவுதான். நரேனின் தந்தை ராலி வீரர். தேசிய அளவில் வென்ற சென்னை அலிஷா அப்துல்லாவின் தந்தையும் பைக் பந்தயச் சாம்பியன். அவர்களுடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. "யார்கூட வந்தே?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது, அவ்வளவுதான். காயில் சுற்றும் அம்மாவின் மகளிடம் என்ன பதில் இருக்கும்? பெண்களுக்கென்றே 2019இல் தொடங்கிய டபிள்யூ சீரிஸ், எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார் கொடுத்தது, பங்கேற்கக் கட்டணமும் வாங்கவில்லை. பணம் இல்லாமல் 2022இல் அது நின்றுபோனது. பெண்களுக்காகத் திறக்கும் கதவுகள் இப்படித்தான், காற்றடித்தால் மூடிக்கொள்கின்றன.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரவல் கார் நல்ல நிலையில் இருக்கட்டும். முதல் அரைமணி நேரம் புதியவர்களுக்கு மட்டும் தடத்தைக் கொடுங்கள். பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று, வளைவுக்கு முன்னால் விசையை எங்கே விட வேண்டும் என்று சொல்லித் தரட்டும். புதியவர்கள் தங்களுக்குள் ஒரு சுற்று ஓட்டட்டும். மைக் பிடிப்பவர் வாயைக் கட்டட்டும். மார்ஷல் வேலை வரிசைப்படி சுழலட்டும். பூட்டாத கழிப்பறை ஒன்று இருக்கட்டும். கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் பரிசளிப்பு முடியட்டும்.

இதையெல்லாம் அந்தக் கல்லூரிக்குக் கடிதமாக எழுத உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. மாதந்தோறும் கவிதைக் கூடுகை ஒன்று நடத்துகிறோம். புதிதாக ஒரு பெண் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "யாரோட ஸ்டூடன்ட் நீ?" அப்புறம், "யாரையெல்லாம் படிச்சிருக்கே?" பெயர்கள் சரியாக வந்தால் நாற்காலி. தடுமாறினால், "டீ கொடுக்கக் கொஞ்சம் ஒத்தாசை பண்றியாம்மா?" ஒருமுறை வந்து மறுபடி வராத பெண்களின் முகங்கள் சில நினைவிருக்கின்றன. பெயர்கள் நினைவில்லை. கேட்டிருந்தால்தானே!

கடிதத்தை முடித்து அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. தம்பி மகளையும் நான் வற்புறுத்தவில்லை. மறுபடி போவதும் போகாததும் அவள் பாடு.

போன கூடுகைக்கு நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். என் வாய் பழைய கேள்விக்குத்தான் திறந்தது. அடக்கிக்கொண்டு, "வா கண்ணு, உன் பேர் என்ன?" என்றேன். அவள் வாசித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினாள், யாரும் சிரிக்கவில்லை.

அன்று டீ கொடுத்தது நான்.