துணியில் வந்த சிவப்பு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது, எங்கள் கார் நின்ற கீற்றுக் கொட்டகையும் போனது. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. சேதம் அதற்குப் பிறகுதான் வந்தது. நிழலுக்கு ஒரு மரம் மிஞ்சாத வாசலில் அந்தச் சிவப்பு மாருதி 800 இரண்டு கோடைகளைப் பார்த்தது. பானெட்டும் கூரையும் வெளிறிவிட்டன. தொட்டால் விரலில் ரோஸ் நிறத்தில் மாவு ஒட்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர் ஒருவர் வந்து, காயலாங்கடைக்குப் போடுகிற விலையைச் சொன்னார். "கலர் நல்லா இருந்தா இப்படிக் கேப்பானா?" என்று அப்பா அடுக்களைக்குள் போனார்.

முதலில் புளி. எங்கள் நாச்சியார்கோவில் குத்துவிளக்கைத் துலக்குகிற அதே புளி. பித்தளைக் களிம்பைப் புளியின் அமிலம் கரைத்துவிடும். பெயின்டில் நடப்பது வேறு. நிறத்தூளைப் பிடித்துவைத்திருக்கும் பிசினை வெயிலின் புற ஊதாக்கதிர் சிதைக்கிறது; பிடி விட்ட தூள் மேலே மாவாக நிற்கிறது. அது புளிக்குக் கரையாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அடுத்து தேங்காய் எண்ணெய் (தோப்பு போன பிறகு அதுவும் கடையில்தான்). அரை நாள் புது வண்டி மாதிரி மின்னியது. சாயங்காலம் அறுப்பு மெஷின் கிளப்பிய தூசி முழுக்க அதில் ஒட்டிக்கொண்டது.

பேஸ்ட் என் யோசனை. பல் கறையை எடுக்க அதில் போட்டிருக்கும் நைசான தூள் பெயின்டையும் மெதுவாகத் தேய்க்கும். மண் துகள் இருந்தால் கீறிவிடும் என்று முதலில் வண்டியை நன்றாகக் கழுவினோம். விடியற்காலை, தகடு சூடேறும் முன், ஈரமான பழைய பனியன் துணியில் வெள்ளைப் பேஸ்டைத் தொட்டு உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தேய்த்தேன். துணி சிவந்தது.

"டேய் தம்பி, பெயின்டே வருதுடா!"

"செத்த தோல்தாம்ப்பா வருது."

துடைத்ததும் அடியில் பழைய சிவப்பு. புயலுக்குப் பிறகு அப்பா ஒரு பொருளைப் பார்த்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மேலே கிளியர் கோட் அடித்த வண்டியாக இருந்தால் துணியில் நிறம் ஏறியிருக்காது. அந்தப் பூச்சே உரிந்துபோயிருந்தால் எந்தப் பேஸ்டும் உதவாது.

அப்புறம் அவர் துணியைக் கீழே வைக்கவில்லை. மொத்தப் பெயின்டும் ஒன்றிரண்டு தலைமுடிப் பருமன்தான். பானெட் விளிம்பில் அதைவிட மெல்லிசு. அங்கே அழுத்தக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அந்த விளிம்பில் காசளவுக்கு பிரைமரின் சாம்பல் நிறம் தெரிந்தது.

கணக்குப் பார்த்தால் இந்த வைத்தியம் லாபமில்லை. பானெட்டுக்குச் சரி, முழு வண்டிக்கும் வாங்கிய பேஸ்ட் காசில் ரப்பிங் காம்பவுண்ட் டப்பாவே வாங்கியிருக்கலாம். தேய்த்ததோடு விட்டாலும் மறுபடி வெளுக்கும் என்பதால் கடைசியில் வாக்ஸ் ஒன்று கடையில் வாங்கித்தான் பூசினோம். அதையும் சில மாதத்துக்கு ஒருமுறை பூச வேண்டும்.

வாங்க வந்தவர் மறுபடி வந்தார். பானெட்டைத் தடவி விரலை மோந்து பார்த்தார். "என்னங்கய்யா, பல்லு வெளக்கி விட்டிருக்கீங்க?" என்றார். ஆனால் விலையை ஏற்றித்தான் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அப்பா. வண்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறது, அந்தச் சாம்பல் விளிம்பு சுவர்ப் பக்கமாக.