பாய் சுருட்டிய நடை

காஞ்சியை அடுத்த ஓரிக்கை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மணிமண்டபம். எனக்கோ அங்கே ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் நிரப்பிய ஒரு கோடிட்ட இடம். களைத்த சிப்பாய் வீட்டுக்கு எப்படிப் போனான்? ஸ்ட்ரோல், மார்ச், ட்ரட்ஜ், மூன்றில் ஒன்று. சிப்பாய் ஆயிற்றே என்று மார்ச் போட்டேன். சார் குட்டினார். காலை இழுத்து இழுத்து நடப்பது ட்ரட்ஜாம். சாப்பிட்டுவிட்டுக் காலாற நடப்பது ஸ்ட்ரோலாம்.

அப்பாவிடம் சொன்னேன். தறிக்குழிக்குள் கால். "நாள் பூரா மிதிக்கிறேன், ஓரடி நகரலை. இதுக்கு என்னடா இங்கிலீஷு?" என்றார். முழித்தேன்.

பல வருஷம் கழித்து அகராதியில் 'வாக்' என்ற சொல்லையே தேடினேன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு நடப்பது என்று பொருளே இல்லை, உருள்வது, புரள்வது. அதன் உடன்பிறப்பு ஒன்றுக்குச் சுருட்டுவது என்று பொருள். வாக்கர் என்று வெள்ளைக்காரர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்கிறார்களே, அது நடப்பவன் அல்ல. நெய்த கம்பளியை நனைத்துக் காலால் மிதித்து இறுக்கியவன். இருந்த இடத்திலேயே மிதித்தவன். சொல்ல அப்பா இல்லை.

ஸ்ட்ரோலும் 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பக்கமிருந்து வந்தபோது நாடோடியின் அலைச்சல்தான். ட்ரெக் டச்சுக்காரர்களின் 'இழு'. தென்னாப்பிரிக்காவில் மாட்டுவண்டிப் பயணம். இப்போது பணம் கட்டி மலையேறுகிறார்கள். நம்மிடம் மட்டும் என்ன, கால்நடையாகப் போனேன் என்போம். மாட்டுக்கும் அதே பெயர்.

சுருட்டுவது என்றதும் ஓரிக்கைதான் நினைவுக்கு வந்தது. பல்லவன் கணிகண்ணனைக் காஞ்சியைவிட்டுப் போகச் சொல்ல, குருவான திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கூட வரும்படி பெருமாளையும் அழைத்தார். அவரும் நடந்தார். மூவரும் ஓரிரவு தங்கிய இருக்கை ஓரிருக்கையாகி ஓரிக்கை ஆனது என்பார்கள். மன்னன் வந்து கெஞ்சியபின் திரும்பினார்கள். சொன்னபடி கேட்டதால் பெருமாளுக்கு யதோக்தகாரி என்று பெயர்.

அந்த நடை ட்ரட்ஜா, மார்ச்சா? நாங்கள் அப்படிக் கேட்டதில்லை. பெருமாள் நடக்கமாட்டார், எழுந்தருளுவார் என்பாள் அம்மா. தை மாதத்தில் இன்றும் ஓரிக்கைக்கு எழுந்தருளுகிறார். காஞ்சியில் சுவாமியைத் தோளில் சுமந்து நடப்பவர்களுக்கு ஸ்ரீபாதந்தாங்கிகள் என்று பெயர்.