அரிசிப் பையும் ஒரு படமும்

படலையில் நின்று "வீட்டுக்காரர்" என்று குரல் கொடுப்பது பெரிய வேலை இல்லைத்தான். ஆனால் 2022 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, கையில் அரிசிப் பையோடு ஒரு வேலியோரம் நின்றபோது எனக்குத் தொண்டையால் சத்தம் வரவில்லை. கூட வந்த ரீச்சர்தான் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற ஆசிரியை. முப்பது வருடம் பிள்ளைகளைக் கூப்பிட்ட குரல் அது. நான் அவருக்குப் பின்னால் பையைக் குடையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் பிள்ளை ஒளிக்கிறாய், களவெடுத்துக்கொண்டே வந்தனாங்கள்?" என்று கேட்டார்.

களவு இல்லை. ஆனால் அதுவரை நான் பை வாங்கும் பக்கத்தில் மட்டுமே நின்று பழகியவள். 2009 ஏப்ரலில் மாத்தளனில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, செட்டிக்குளம் மெனிக் பாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் தறப்பாளுக்குக் கீழே கிடந்த இடம். இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்த வரிசைகளில் எனக்கு முன்னாலோ பின்னாலோ நின்றிருப்பீர்கள். சமைத்த சாப்பாட்டுக்கு நின்ற ஒரு மத்தியானம், யாரோ ஒருவர் கமராவோடு வந்து, கோப்பையை நீட்டிக்கொண்டு நின்ற என்னைப் படமெடுத்துக்கொண்டு போனார். தலை இழுத்து எத்தனையோ நாள். இடுப்பில் பிள்ளை. அந்தப் படத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. எந்த ஊரில், எந்தச் சுவரில் தொங்குகிறதோ தெரியாது.

நான் கடற்கரைப் பக்கத்தவள். மீள்குடியேற்றத்தின் பின் கிளிநொச்சியில், அவரின் அக்கா வீட்டுக்கு அருகில் காணி கிடைத்து அங்கேயே இருந்துவிட்டேன். அவர் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை.

2022 எங்கள் பக்கத்தில் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு முந்தின வருடம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியதில் வயல் படுத்துவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் மெசினை மூடி வைத்தார்கள். அப்போதுதான் ஒரு ஞாயிறு பூசை முடிவில், அயல் வீடுகளைப் போய்ப் பார்க்க ஒரு குழு வேண்டும் என்று பாதர் கேட்டார். ஒன்பது பேர் எழும்பினோம். அதில் ஏழு பேர் பெண்கள். (ஆண்கள் கூட்டத்துக்கு வருவார்கள், கதிரை அடுக்குவார்கள். படலை தட்டுவதென்றால் அது எங்கள் தலையில்தான்.)

பாதர் ஒரு கதையும் சொன்னார். 1833இல் பாரிஸ் நகரத்தில் பிரெடெரிக் ஒசானாம் என்ற இருபது வயது மாணவனும் அவனுடைய நண்பர்களும் ஏழைகளின் வீடு தேடிப் போகத் தொடங்கினார்களாம். அதிலிருந்துதான் புனித வின்சென்ட் டி போல் சபை உலகமெல்லாம் பரவியதாம். பொடியங்களுக்கு எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியவில்லை. றொசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரிதான் விலாசம் சொல்லி அனுப்பினாராம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அந்தச் சிஸ்டரைத்தான். எந்த ஒழுங்கையில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்து வைத்திருந்தவர் அவரல்லவா?

எங்களுக்குச் சில ஒழுங்குகள் இருந்தன. இரண்டு பேராகத்தான் போகவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் போகக்கூடாது. என்ன சமயம் என்று கேட்கக்கூடாது. இருக்கச் சொன்னால் இருக்கவேண்டும். கேட்டது படலைக்கு வெளியே வரக்கூடாது.

அந்த முதல் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டியது. முன்பக்கம் மட்டும் பூசி, மற்றப் பக்கம் கல்லாக நின்றது. நெற்றியில் விபூதியோடு ஒரு அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார், பேத்தி அம்மம்மாவோடு. பையைக் கண்டதும் அந்த அம்மா படலையைத் திறக்கவில்லை.

"நீங்கள் சபைக்காரரோ?"

"வேதக்காரர்தான் அம்மா. சும்மா பார்த்துப் போக வந்தனாங்கள்" என்றார் ரீச்சர்.

"இதை வாங்கினா செபத்துக்கு வரவேணுமோ? முன்னம் ஒரு ஆக்கள் வந்தவை. ரெண்டு மாசம் சாமான் தந்தவை. பிறகு சாமிப் படத்தைக் கழட்டச் சொல்லிச்சினம்."

"வேண்டாம். உங்கட சாமி உங்கட வீட்டில இருக்கட்டும்."

அதன் பிறகும் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் படலையைத் திறந்தார். வாங்கில் இருத்தி, பிளேன்ரீயும் சின்னத் துண்டு பனங்கட்டியும் தந்தார். வீட்டில் இருந்த கடைசிப் பனங்கட்டி என்று பேத்தியின் முகத்தில் தெரிந்தது. எனக்கு வாயில் வைக்க மனம் வரவில்லை. ரீச்சர் கடித்துக் கடித்து முழுவதையும் குடித்து முடித்தார். திரும்பி வரும்போது, "குடிக்காமல் வந்திருந்தா அவ எங்களிட்ட வாங்கினவ மட்டும்தான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை குடித்தேன்.

அங்கேதான் மகனின் படத்தையும் பார்த்தேன். லமினேற் பண்ணிய படம், மூலை மடிந்தது. 2009இல் வட்டுவாகலில் தன் கண் முன்னாலேயே கூட்டிக்கொண்டு போனார்கள் என்று சொன்னார். எத்தனை ஆணைக்குழு, எத்தனை விண்ணப்பம் என்று பேத்தி ஒரு பையில் இருந்து எடுத்துக் காட்டினாள். பலர் அந்தியேட்டி செய்யச் சொன்னார்களாம். "இருக்கிற பிள்ளைக்கு எப்பிடிச் செய்யிறது?" என்றார். நாங்கள் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. சொல்ல எங்களிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

இப்படி மூன்று மாதம் போனது. நத்தாருக்குச் சற்று முன்பு, வெளிநாட்டில் இருக்கும் ஒரு அன்பர் நாற்பது குடும்பங்களுக்குப் பொதி கொடுக்கப் பணம் அனுப்பினார். நல்ல மனம். ஒரேயொரு வேண்டுகோள், ஒவ்வொருவரும் பொதியை வாங்குவதைப் படமெடுத்து அனுப்பவேண்டும். எல்லோரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டோம். பெயரை வாசிக்க ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். படம் பிடித்தது யார் என்றால், நான்தான். என்னுடைய போனில்தான் படம் தெளிவாக விழும் என்று தந்துவிட்டார்கள். மெனிக் பாமில் கமராவோடு வந்தவரை நான் அப்போது நினைக்கவே இல்லை. அது எனக்கு இன்றும் விளங்காத விஷயம். போனைப் பிடித்திருந்தால் சரியாகப் பிடிக்கவேண்டும், வெளிச்சம் வேண்டும், ஆள் சிரிக்கவேண்டும் என்று மட்டும்தான் மனம் ஓடியது.

அந்த அம்மாவின் முறை வந்தது. பையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, இந்தப் படம் வெளிநாட்டுக்குப் போகுமோ?"

"ஓம் அம்மா."

"அப்ப என்ர மகன்ர படத்தையும் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டோ? ஆரும் ஒராள் கண்டிருந்தா..."

சீலைத் தலைப்புக்குள் கொண்டுவந்திருந்தார். ஒரு கையில் அரிசிப் பை, மற்றக் கையில் மகன். சிரிக்கவில்லை. நேரே பார்த்தார். நான் எடுத்தேன்.

பொறுப்பாக நின்றவர் வந்து என் காதுக்குள், "உது சரிவராது. அரசியலாக்கிப் போடுவாங்கள். பையோட மட்டும் ஒண்டு எடுங்கோ" என்றார். பின்னால் வரிசை நின்றது. நான் போய்ச் சொன்னேன், "அம்மா, மகன்ர படம் இல்லாமல் ஒருக்கா நில்லுங்கோ." அவர் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த கதிரையில் படத்தை வைத்துவிட்டு, பையை இரண்டு கையாலும் பிடித்து, சிரித்தார்.

ஜனவரியில் இரண்டு முறை போனோம். படலை திறக்கவில்லை. அடுப்புப் புகை வந்தது, உள்ளே ஆள் இருந்தது, திறக்கவில்லை. மூன்றாம் முறை நான் தனியே, வெறுங்கையோடு போனேன். இரண்டு பேராகப் போகவேண்டும் என்ற ஒழுங்கை மீறித்தான். பேத்தி திறந்துவிட்டாள். அந்த அம்மா குந்தியிருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு நெட்டை எடுத்து ஆயத் தொடங்கினேன். பாதி முடியும்வரை பேச்சில்லை. பிறகு அவரே சொன்னார்.

"உன்னோட கோபமில்லைப் பிள்ளை. அண்டைக்கு ஒரு பை அரிசிக்காக அவனைக் கதிரையில வைச்சனெல்லோ. அது நெஞ்சுக்குள்ள நிண்டு அரிக்குது."

என்னை மன்னியுங்கோ என்று சொல்ல வாய் வந்தது. அதைவிட, மெனிக் பாமில் என்னை எடுத்த படத்தைப் பற்றிச் சொன்னேன். யாருக்கும் சொல்லாத விஷயம். கேட்டுவிட்டு, "அந்தப் படத்தில உன்ர பிள்ளையும் நிக்குதே?" என்று கேட்டார். "ஓம்." "அப்ப அது ஒருக்கா உன்னட்ட வரவேணும்" என்றார். அப்படி ஒரு பக்கத்தை நான் நினைத்ததே இல்லை.

அடுத்த கூட்டத்தில், இனிமேல் முகம் தெரியப் படம் எடுக்கக்கூடாது, பற்றுச்சீட்டையும் கணக்கையும் அனுப்புவோம் என்று எழும்பிச் சொன்னேன். பெரிய வாக்குவாதம். குழுவில் இருந்த ஒரு அக்கா கேட்ட கேள்வி இப்போதும் குத்துகிறது. "உன்ர பிள்ளை உழைக்குது. படம் அனுப்பாட்டிக் காசு நிக்கும். அந்த நாற்பது வீட்டுக்கும் நீயோ அரிசி குடுப்பாய்?" என்னிடம் பதில் இல்லை. ரீச்சர் எனக்காகப் பேசினார். கடைசியில் பாதர், கணக்கு மட்டும் அனுப்புவோம் என்று முடித்தார்.

அக்கா சொன்னதுதான் நடந்தது. வெளிநாட்டுக் காசு வரவில்லை. நாற்பது குடும்பம் பதினெட்டாகக் குறைந்தது. உண்டியலில் சேருவதையும், பூசைக்கு வருபவர்கள் கொண்டுவரும் பிடி அரிசியையும் வைத்துத்தான் ஓட்டினோம். விடுபட்டவர்களில் மூன்று சின்னப் பிள்ளைகளோடு ஒரு இளம் தாய் இருந்தார். வழியில் கண்டால் நான் சைக்கிளை விட்டு இறங்கிக் கதைப்பேன். அவர் நன்றாகத்தான் கதைப்பார். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க ஏலாது. நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சரிக்கு யாருடைய பானையில் இருந்து விலை போனது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பெப்ரவரி 20 அன்று அந்த அம்மா என்னைக் கூட வரச் சொன்னார். 2017இல் அந்தத் திகதியில்தான் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியவர்கள். நான் அந்தப் பக்கம் அதுவரை போனதில்லை. பயம்தான், வேறென்ன. அன்றைக்குப் போனேன். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். கைப்பைக்குள் செபமாலையை உருட்டினேன். அவர் தன் முருகனைக் கூப்பிட்டார். வெயில் இருவருக்கும் ஒன்றாகத்தான் எரித்தது.

திரும்பி வரும்போது, நத்தாருக்கு முதலில் எடுத்த அந்தப் படம் போனில் இருக்கிறதா என்று கேட்டார். அழிக்கவில்லை என்றேன். அதைப் பெரிதாக்கித் தர முடியுமா என்றார்.

ரவுணில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தேன். அங்கே நின்ற தம்பி கொம்பியூட்டரில் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த அரிசிப் பையை வெட்டி விடட்டோ? அம்மாவும் மகனும் மட்டும் வந்தா வடிவா இருக்கும்" என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் ஒருமுறை நானாக முடிவெடுத்தது போதும் என்று, அங்கிருந்தே பேத்திக்குப் போன் எடுத்து அம்மம்மாவிடம் கேட்கச் சொன்னேன்.

அந்த அம்மாவே போனை வாங்கிச் சொன்னார்: "வெட்ட வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. அவன் வந்து பார்த்தா, அம்மா பட்டினி கிடக்கேல்லை எண்டு தெரியட்டும்."