கூவலுக்குள் அம்மா குரல்

மைக் "கூ..." என்று கூவினால் ஆபரேட்டரைத்தான் திட்டுவோம். ஸ்பீக்கரில் வந்த ஒலியே மறுபடி மைக்கில் புகுந்து, பெருகிப் பெருகிச் சுற்றுவதுதான் நண்பர்களே, அந்தக் கூவல்!

கிராம சபையில் எங்க அம்மா முதன்முதலாகப் பேசியது செல்போனில் இருக்கு. நடுநடுவே இதே கூவல். ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் போட்டுப் பார்த்தேன். பேச்சு புகை மாதிரி பரவிக் கிடக்க, கூவல் மட்டும் 2,500 ஹெர்ட்ஸில் நேர்கோடு. அந்தத் துண்டுகளை மட்டும் தேர்ந்து நாட்ச் ஃபில்டர் போட்டேன். கியூ 10 வைத்தால் 250 ஹெர்ட்ஸ் அகலம்தான் போகும். அதற்கு மேல் அகலப்படுத்தினால் பேச்சு மழுங்கி, வேறு யாரோ பேசுகிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் கூவல் மிஞ்சினாலும் பரவாயில்லை, அம்மா குரல்தான் முக்கியம்.

ஒரே ஓர் இடத்தில் அலையின் உச்சியே வெட்டுப்பட்டிருந்தது. அங்கே எந்த ஃபில்டரும் உதவாது.

"இந்த இடத்துல என்னம்மா சொன்னே?"

"ஒரு நாளைக்கு எத்தனை குடம் சுமக்கிறோம்னு கணக்குச் சொன்னேன்டா."