மழைக்கு முன்னால் ஒரு செட்டிநாட்டு வீடு

காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோ மீட்டரில் இருக்கிறது கானாடுகாத்தான். நேர்நேரான அகலத் தெருக்கள். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று வீடுகள் நீளுகின்றன. பர்மா தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நான் ஆவணி மாதம் போனபோது என் சிநேகிதியின் பெரியம்மா வீட்டில் வெளிச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளும் அதைத்தான் பார்த்தேன்!

வீட்டுக்குப் பங்காளிகள் பதினோரு பேர். காவலுக்கு இருப்பவர் ஆச்சி ஒருவர்தான். "இந்த மழையில ஒழுகுச்சுன்னா, இடிச்சு வித்துருவோம்னு ஆரம்பிச்சுருவாகத்தா" என்றார். சும்மா சொல்லவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தூணும் கதவும் எங்கிருந்து வந்தவை என்று. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் சேர்ந்தன. ஆனால் ஓட்டை அடைக்க யுனெஸ்கோவா வரும்?

ஒரு பங்காளி தன் பக்கத்துச் சுவரை சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தார். அடியில் உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர், உறிஞ்சின ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இறுக்கி மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆச்சி தன் பக்கத்துக்குச் சுண்ணாம்புதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதுதான் சரி என்பேன்.

முதலில் சுவரைக் கழுவினார்கள். பாசி மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்தார்கள். கம்பி பிரஷ் கூடாதாம், பூச்சு கீறிவிடும். பாத்ரூமுக்கு வாங்கும் ஆசிட் கிட்டவே வரக்கூடாது, சுண்ணாம்பையே அரித்துவிடும். கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று. வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று, இரண்டு செங்கலைப் பெயர்த்து வேரோடு எடுத்து, திரும்பக் கட்டினார் கொத்தனார்.

மொட்டைமாடிதான் பெரிய வேலை. தூம்பு வாயில் அடைத்திருந்த சருகை அள்ளினார்கள். தட்டோட்டின் இடுக்குகளில் உதிர்ந்த பழைய சாந்தைச் சுரண்டி, கூட்டி, நனைத்து, புதுச் சாந்து வைத்து அழுத்தினார்கள். சாந்தில் சுண்ணாம்பும் மணலும் மட்டுமல்ல. கடுக்காயை நசுக்கி, வெல்லத்தோடு நாள்கணக்கில் ஊறவைத்து வடித்த தண்ணீரும் சேருகிறது. வாசனை இருக்கிறதே, அம்மாடி! சுண்ணாம்பு காற்றை வாங்கி மெதுவாகத்தான் இறுகும். அதனால்தான் ஐப்பசி வரை காத்திராமல் ஆவணியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் வெள்ளையடிப்பு. சுவரை நனைத்துவிட்டு, மோர் மாதிரி நீர்க்கக் கரைத்து மூன்று தடவை. கெட்டியாக ஒரே தடவை அடித்தால் உதிர்ந்து கையில் வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஒன்று கவனியுங்கள். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீரைக் கொட்டக்கூடாது. தண்ணீரில்தான் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்து, டாக்டரிடம் ஓட வேண்டும். ஆச்சி வீட்டில் தாளிக்கிற பக்கமே பிள்ளைகளை விடவில்லை. (சுண்ணாம்பைத் 'தாளிக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள்!)

ஐப்பசி மழைக்குப் பிறகு சிநேகிதி போன் பண்ணினாள். வளவில் ஒரு சொட்டு இல்லையாம். இரண்டாம் கட்டில் ஒரு மூலை மட்டும் கசிகிறதாம், அங்கே வாளி வைத்திருக்கிறார் ஆச்சி. பங்காளிகள் தை மாதம் கூடுகிறார்கள். அதற்குள் அந்த மூலையையும் அடைத்துவிட வேண்டும் என்று கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது.