சித்தப்பாவின் சீட்டி

எங்கள் சித்தப்பா தமது எழுபத்தாறாவது வயதில் சீட்டியடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார் என்றால் மயிலாப்பூரில் யாரும் நம்பமாட்டார்கள். மாட வீதியில் எந்தப் பையனாவது சீட்டியடித்தால், நின்று ஒரு முறை முறைத்துவிட்டு மேலே நடக்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவரை இந்தக் கதிக்கு ஆளாக்கியது, சுமார் தொண்ணூறு கிராம் எடையுள்ள ஒரு பறவை!

நாலு வருஷங்களுக்கு முன் சித்தி அதை வாங்கி வந்தாள்.

"என்ன பட்சி இது?" என்று கேட்டார் சித்தப்பா.

"கடைக்காரன் காக்டெயில்னு சொன்னான்."

சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டார். "கபாலி கோயிலுக்குப் பக்கத்திலே குடியிருந்துண்டு, ஆத்துக்குள்ளே காக்டெயிலா?"

கடைக்காரர் வாயில் அப்படித் திரிந்துபோன பெயர், உண்மையில் 'காக்கட்டீல்'. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிரதேசத்துப் பறவை. கொண்டை வைத்த கிளிகளான காக்கட்டூ குடும்பத்தில் இதுதான் கடைக்குட்டி. சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்துக்கு ஒன்றாக ஆரஞ்சுப் பொட்டு. இதன் மனசைக் கொண்டையே சொல்லிவிடும். திடுக்கிட்டால் கொண்டை நெட்டுக்குத்தாக நிற்கும். கோபம் வந்தால் தலையோடு ஒட்டிக்கொள்ளும், கூடவே 'புஸ்' என்று ஒரு சீறல். பாதி சாய்ந்திருந்தால் சௌக்கியம் என்று அர்த்தம். வீட்டு மனிதர்களுக்கும் இப்படி ஒரு கொண்டை இருந்தால் எத்தனை சண்டைகள் மிச்சமாகும்!

"நம்ம ஊர்ப் பச்சைக்கிளி போதாதா?" என்று வாசகர்கள் கேட்கலாம். அதைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காக்கட்டூ இனத்தில் கெட்டிக்காரப் பறவை இன்னொன்று உண்டு: இந்தோனேஷியாவின் தனிம்பார் தீவுகளைச் சேர்ந்த காஃபின் காக்கட்டூ. வியன்னாவில் ஃபிகாரோ என்ற காஃபின், மரச் சிராயைக் கிழித்துக் குச்சியாக்கி, எட்டாத பருப்பை இழுத்துத் தின்றதை 2012-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். ஆனால் அது சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலில் உள்ள இனம். வைத்திருப்பவர்கள் 2024-ஆம் வருஷத்து விதிகளின்படி அரசாங்கத்தில் பதிவு செய்யவேண்டும். காக்கட்டீலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வேறு தொல்லைகள் உண்டு. சிறகிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து மேஜை நாற்காலியெல்லாம் படியும். இருட்டில் ஏதாவது சலனம் கேட்டால் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும். அதற்காக ராத்திரி ஒரு சின்ன விளக்கு. ஒட்டாத பூச்சு பூசிய தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால், அந்தப் புகையே அதற்கு எமன். சித்தி பரணிலிருந்து பழைய இரும்புக் கல்லை இறக்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே, அதற்குத் துணை வேண்டும். தனியே விட்டால் கத்தும். சில சமயம் தன் சிறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். "பச்சைக் குழந்தையாட்டம்" என்பாள் சித்தி. கிட்டு என்று பெயரும் வைத்தாள்.

போன ஆவணியில் சித்தி காலமானாள். கிட்டு பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை அமெரிக்கா திரும்பியபின், ஒரு விடியற்காலையில் மோகன ராகத்தில் நாலைந்து ஸ்வரங்களைச் சீட்டியடித்தது. இதில் ஆண் பறவை, கேட்ட மெட்டைத் திருப்பி அடிக்கும். பேச்சைவிடச் சீட்டிதான் அதற்குச் சுலபம். சித்தப்பா அதுவரை அதைப் பட்சியின் சொந்தச் சரக்கு என்றே நினைத்திருந்தார்.

"அம்மா சொல்லிக் குடுத்ததுங்க" என்றாள் வேலைக்கார அம்மாள். "நீங்க பார்க்குக்கு நடக்கப் போனப்புறம் தினமும் சீட்டியடிப்பாங்க."

சித்தப்பா நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுற்றிவரும் முக்கால் மணி நேரம்தான் சித்தியின் சீட்டி நேரம்!

"நாற்பத்தெட்டு வருஷம் கூட இருந்தேன். அவளுக்குச் சீட்டியடிக்கத் தெரியும்னு இந்தப் பட்சி சொல்லித்தான்டா எனக்குத் தெரிஞ்சது" என்றார் என்னிடம். நான் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கேட்காத மெட்டைக் கிட்டு மறந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். அதனால்தான் இந்த வயதில் சீட்டி அப்பியாசம். பல் செட்டு ஒத்துழைக்க மறுக்கிறது. முக்கால்வாசி காற்றுத்தான் வருகிறது. கிட்டு தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்கிறது. பிறகு சரியாக அடித்துக் காட்டுகிறது.

பிள்ளை, "அங்கே தனியா எதுக்கு? கிளம்பி வந்துடுங்கோ" என்று வாராவாரம் கூப்பிடுகிறான். சித்தப்பா அசையவில்லை.

"இது பதினைஞ்சு, இருபது வருஷம்கூட இருக்குமாமே. எனக்கப்புறம் யாருடா பார்த்துப்பா?" என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

சிறிய உருவத்தையும் கொண்டை அழகையும் பார்த்துப் பறவை வாங்கப் போகிறவர்கள், கடை வாசலிலேயே தங்களைக் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி அது. நான் யோசித்தேன். ஒன்றரை அறை வீடு, இரண்டு குழந்தைகள், மனைவி. அரை நிமிஷம் கழித்து, "நான் இருக்கேன், சித்தப்பா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்குச் சீட்டியடிக்க வருமோ?"

வராது. ஆகவே, இப்போது மயிலாப்பூரில் சீட்டி பழகுகிறவர்கள் இரண்டு பேர். மாட வீதிப் பெரியவர்கள் மன்னிக்கவேண்டும்.