பேரன் உடைத்த டிரோனும் நான் போட்ட ஸ்பிண்டிலும்

36 வருடம் லேத்தில் நின்றவன் நான். கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. ரிட்டயர் ஆன பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

போன கோடை லீவில் மகள் வயிற்றுப் பேரன் தன் டிரோனை வேப்பமரத்தில் மோதி உடைத்துவிட்டு, "அப்புச்சி, மோட்டாரு மட்டும் நல்லா இருக்குதுங்க" என்று நான்கையும் என் மேசையில் வைத்தான். ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு. கார்பன் பிரஷ் கிடையாது. உள்ளே காயில் அப்படியே நிற்க, காந்தம் ஒட்டிய வெளிக்கூடுதான் சுற்றுகிறது. மூன்றே ஒயர். பம்பரம் கடைய ஒரு குட்டி லேத்து போடலாம் என்று ஆசை வந்துவிட்டது.

மோட்டார் ஷாஃப்ட்டிலேயே காலெட்டை மாட்டி, மரத்துண்டை 6 மி.மீ. கம்பியில் திருகிப் பிடித்தேன். வேகத்தைக் குறைத்து வைத்தால் மோட்டார் திணறித் திணறி நின்றது. காந்தம் சுற்றும்போது காயிலில் உண்டாகும் மின்சாரத்தை வைத்துத்தான் கன்ட்ரோலர் அது எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொள்ளும். மெதுவாகச் சுற்றினால் அதற்குக் கண் தெரியாது. இது அப்போது எனக்குத் தெரியாது. குமிழைத் திருகிக் கூட்டினேன். உளியை வைத்த நொடியில் மரம் பிளந்து, பேரனின் காதோரமாகப் போய்ச் சுவர்க் கடிகாரக் கண்ணாடியை உடைத்தது.

எத்தனை அப்ரண்டிஸ் பையன்களை "சக்குக்கு நேரா நிக்காதேடா" என்று திட்டியிருப்பேன்! என் பேரனை நானே அங்கே நிற்க வைத்திருந்தேன். கணக்கையும் பிறகுதான் போட்டேன். வோல்ட்டுக்கு 1000 சுற்று என்று மோட்டார் மேலேயே போட்டிருக்கிறது. 12 வோல்ட்டுக்கு 12,000. கம்பெனியில் 1,200-க்கு மேல் ஓட்டிய நாட்களே குறைவு.

இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. "ஏனுங்க, அதையத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று வீட்டில் கேட்டதும்தான் மறுபடி எடுத்தேன்.

இந்த முறை மோட்டார் சுற்ற மட்டும்தான். பாரம் தாங்குவது வேறு. அதன் பேரிங் காற்றாடியைத் தாங்கச் செய்தது, உளியின் பக்கவாட்டு அழுத்தத்துக்கு அல்ல. 12 மி.மீ. காலெட் ஷாஃப்ட்டுக்கு இரண்டு 6001 பேரிங், ஆட்டம் இல்லாமல் இருக்க நடுவில் அலை வாஷர். பழைய கூட்டாளி ஒருவர் பட்டறையில் ஹவுசிங்கை ஒரே செட்டிங்கில் போர் அடித்தேன். இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் மற்றதெல்லாம் வீண். டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், 20 மைக்ரான். மரத்துக்கு அது ராஜ மரியாதை.

மோட்டாரில் 16 பல் புல்லி, ஸ்பிண்டிலில் 60 பல். வேகம் 3,200-க்கு இறங்கியது. இழுவை நாலு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. வானத்தில் காற்றாடியே மோட்டாரைக் குளிர வைக்கும், மேசையில் அது இல்லை; பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். மரத்தின் மறுமுனைக்கு டெயில் ஸ்டாக், முன்னால் பாலிகார்பனேட் தட்டி.

தீபாவளிக்கு வந்தவன் கண்ணாடி போட்டுக்கொண்டு, நான் சொல்லாமலேயே பக்கவாட்டில் போய் நின்றான். கொய்யா மரத்தில் பம்பரம் கடைந்தோம். ஆணி கொஞ்சம் கோணல், இருந்தாலும் நன்றாகவே சுற்றுகிறது.

கடிகாரத்தைப் பூனை தட்டிவிட்டது என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் இதைப் படிப்பாள். படிக்கட்டும்.